முளைகட்டிய ரை விஸ்கியை முகர்ந்து, ருசித்து, எடைபோடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடி விஸ்கி ருசிப்போம். ஒரு கிளாஸில் 20 மில்லிக்கு மேல் ஊற்றுவதில்லை. முளைகட்டிய ரை மேசைக்கு வரும் மாலைகளில்தான் கேள்விகள் அதிகம். ஸ்காட்சுக்குப் பழகிய நாக்குக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முளைகட்டிய ரை விஸ்கி என்றால் என்ன? கடையில் கிடைக்கும் மற்ற ரை விஸ்கியும் அதுதானே?

இல்லை. ரை என்பது கோதுமைக்கு உறவான ஒரு குளிர்நாட்டுத் தானியம். மணி நீளமாக, ஒல்லியாக, லேசான பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருக்கும். அமெரிக்கச் சட்டப்படி ஒரு விஸ்கியை ரை விஸ்கி என்று அழைக்க, ஊறலில், அதாவது நொதிக்கப் போடும் தானியக் கலவையில், குறைந்தது 51 சதவீதம் ரை இருக்க வேண்டும். அந்த ரை முளைகட்டியதா இல்லையா என்பதைச் சட்டம் கேட்பதில்லை. பெரும்பாலான அமெரிக்க ரை விஸ்கிகளில் அது முளைகட்டாத பச்சைத் தானியம்தான். மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றக் கொஞ்சம் பார்லி மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, சேர்த்துக்கொள்வார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் மவுண்ட் வெர்னனில் 1797-ல் தொடங்கிய வடிசாலையின் கலவையே இதற்கு நல்ல உதாரணம்: 60 சதவீதம் ரை, 35 சதவீதம் மக்காச்சோளம், 5 சதவீதம் முளைகட்டிய பார்லி. இன்று இண்டியானா மாநிலத்தின் லாரன்ஸ்பர்க்கில் உள்ள பெரிய ஆலையிலிருந்து வரும் புகழ்பெற்ற ரை, 95 சதவீதம் ரையும் 5 சதவீதம் பார்லி மால்ட்டும் சேர்ந்தது.

இந்தப் பக்கத்தில் நான் பேசுவது வேறு வகை. ரையையே ஊறவைத்து, முளைவிட வைத்து, உலர்த்தி, அதை மட்டுமே அரைத்து ஊறல் போடுவது. சட்டத்தில் 51 சதவீதம் முளைகட்டிய ரை இருந்தாலே 'ரை மால்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் சிறு வடிசாலைகள் பல 100 சதவீதத்துக்கே போய்விடுகின்றன.

முளைகட்டுவதால் சுவையில் அப்படி என்ன மாறிவிடும்?

கேழ்வரகை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சை மாவில் கிண்டிய களிக்கும், முளைகட்டி உலர்த்தி வறுத்து அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சிக்கும் உள்ள வித்தியாசம் எந்தத் தமிழ் வீட்டுக்கும் தெரியும். முன்னதில் மண்வாசம், கொஞ்சம் கரடு. பின்னதில் இனிப்பு, வறுத்த மணம், வழவழப்பு. ரையிலும் ஏறக்குறைய அதே திசையில்தான் மாற்றம் நடக்கிறது.

முளைவிடும்போது தானியத்துக்குள் நொதிகள் உருவாகி மாவுச்சத்தை உடைக்கத் தயாராகின்றன. புரதமும் செல்சுவர்களும் கொஞ்சம் தளர்கின்றன. சூட்டில் உலர்த்தும்போது சர்க்கரையும் புரதத் துண்டுகளும் சேர்ந்து வறுவல் மணத்தை உண்டாக்குகின்றன. முளைகட்டாத ரையில் வடித்த விஸ்கியில் மிளகு, புதினா, சதகுப்பைக் கீரை, அறுத்த புல் என்று கூர்மையான மணங்கள் முன்னால் நிற்கும். முளைகட்டியதில் கருப்பு ரொட்டி, வறுத்த கடலை, கொக்கோ, உலர்ந்த பழம் என்று மணம் உருண்டையாகிறது. காரம் போய்விடாது. பின்னுக்குப் போய், சுக்கும் கிராம்பும் போல மெதுவாக வரும். அந்தக் கிராம்பு வெறும் உவமை இல்லை: ரையின் தவிட்டில் உள்ள ஃபெருலிக் அமிலம் நொதிக்கும்போது சிதைந்து, கிராம்பு வாசம் உள்ள ஒரு சேர்மமாக மாறுகிறது.

முடிந்தால் ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் பீர் தயாரிப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடையில் ரை மால்ட் நூறு கிராம் வாங்குங்கள். நாலு மணியை எடுத்து மெல்லுங்கள். முதல் கடியில் மொறுமொறுப்பு. அப்புறம் பால்போல ஓர் இனிப்பு. கடைசியில், விழுங்கப் போகும் நேரத்தில், நாக்கின் ஓரத்தில் உலர்ந்த ஒரு காரம் தட்டும். மிச்சத்தை வாணலியில் போட்டு மிதமான தீயில் வறுங்கள். மூன்றாவது நிமிடத்தில் எழும் வாசத்தை மனதில் வைத்துக்கொண்டு கிளாஸுக்கு வாருங்கள். முளைகட்டிய ரையை எடைபோடும்போது நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த மணி இந்த கிளாஸில் தெரிகிறதா?

இவ்வளவு நன்றாக இருக்கும் என்றால் ஏன் எல்லாரும் செய்வதில்லை?

ரை கையாளச் சிரமமான தானியம். பார்லிக்கு உமி உண்டு. ஊறலை வடிகட்டும்போது அந்த உமியே சல்லடையாக வேலை செய்யும். ரைக்கு உமி கிடையாது. போதாததற்கு, அராபினோசைலான் என்ற பிசின் போன்ற பொருள் இதில் நிறைய. தண்ணீரில் சேர்ந்ததும் ஊறல் கோந்தாகிவிடும். குழாய் அடைக்கும், நொதிக்கும்போது நுரை பொங்கி வழியும். அதனால் பலர் வடிகட்டாமல் தானியத்தோடு சேர்த்தே நொதிக்கவிட்டு, அப்படியே காய்ச்சுவார்கள். அது இன்னொரு ஆபத்தைக் கொண்டுவரும். குறைகள் பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

எந்தப் புட்டியிலிருந்து தொடங்கலாம்?

எனக்கு இது எளிதான கேள்வி, பக்கத்து ஊர்ச் சரக்கு என்பதால். சான் ஃபிரான்சிஸ்கோவின் பொட்ரேரோ குன்றில் ஆங்கர் பீர் ஆலையை நடத்திவந்த ஃபிரிட்ஸ் மேடாக், 1993-ல் அதே கட்டடத்துக்குள் சிறிய செம்புப் பானை வடிகலனை நிறுவி, 100 சதவீதம் முளைகட்டிய ரையிலிருந்து விஸ்கி வடிக்கத் தொடங்கினார். அந்தக் குன்றின் பெயரையே வைத்து 'ஓல்ட் பொட்ரேரோ' என்றார்கள். அமெரிக்காவில் சிறு வடிசாலைகள் இப்படிப் பெருகாத காலம் அது. ரை விஸ்கியே கடை அலமாரியின் அடித்தட்டில் ஒதுங்கிக் கிடந்தது. மேடாக் தேடியது, இந்த நாட்டின் ஆரம்பகால விஸ்கி எப்படி இருந்திருக்கும் என்ற கேள்விக்கு விடையை.

அதனால்தான் அதில் இரண்டு வகை உண்டு. '18-ஆம் நூற்றாண்டு பாணி' என்பது உட்புறம் கருக்காமல், தீயில் வாட்டிய பீப்பாயில் ஊறியது. கருக்கிய புதுப் பீப்பாய் இல்லாததால், முழுக்க ரையாக இருந்தும் சட்டப்படி அதை ரை விஸ்கி என்று அழைக்க முடியாது. இன்னொன்று '19-ஆம் நூற்றாண்டு பாணி'. கருக்கிய புதுப் பீப்பாயில் 2 ஆண்டுக்குக் குறையாமல் ஊறியது, ஆகவே 'ஸ்ட்ரெய்ட் ரை'. சமீப ஆண்டுகளில் நான் வாங்கிய புட்டிகளில் முதலாவது 51.2 சதவீதம், இரண்டாவது 48.5 சதவீதம் ஆல்கஹால். பீர் ஆலை 2017-ல் ஜப்பானின் சப்போரோ நிறுவனத்துக்குக் கைமாறி, 2023-ல் மூடப்பட்டது. விஸ்கிப் பிரிவு அதற்கு முன்பே தனியாகப் பிரிந்து ஹோட்டலிங் என்ற பெயருக்கு மாறிவிட்டது.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஃபின்லாந்தின் கியூரோ. 2012-ல் சில நண்பர்கள் சவுனா எனும் வெப்பக் குளியல் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது தோன்றிய யோசனை என்று அவர்களே சொல்வார்கள். இசோகியூரோ என்ற ஊரில் பழைய பால்பண்ணைக் கட்டடத்தில் வடிக்கிறார்கள். அதுவும் முழுக்க முளைகட்டிய ரை. 47.2 சதவீதம் ஆல்கஹால். தினமும் ரை ரொட்டி சாப்பிடும் நாடு அது. அந்த ரொட்டியின் கருகிய மேலோடு விஸ்கியிலும் தெரிகிறது. இந்தியாவிலும் பெங்களூரின் அம்ருத் முளைகட்டிய ரையில் ஒரு சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில் மால்ட்டிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி) வெளியிட்டிருக்கிறது. கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

அமெரிக்கப் புட்டி என்றால் முதலில் பின்பக்கத்தைத் திருப்புங்கள். 'வடித்தவர்' என்று போட்டிருக்கிறதா, 'புட்டியில் அடைத்தவர்' என்று மட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஆலையில் மொத்தமாக வாங்கி, தன் பெயரை ஒட்டி விற்பது சட்டப்படி சரியே. சிலர் அதை நேர்மையாகவும் நன்றாகவும் செய்கிறார்கள். ஆனால் கைவினை வடிசாலை என்று நம்பிக் காசு கொடுப்பவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். வடித்த மாநிலம் நிறுவனத்தின் முகவரியில் உள்ள மாநிலத்திலிருந்து வேறு என்றால், அதையும் லேபிளில் போட வேண்டும் என்பது விதி.

'ஸ்ட்ரெய்ட்' என்றால் குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் இருந்தது; நிறம் எதுவும் சேர்க்காதது. 4 ஆண்டுக்குக் குறைவான விஸ்கிக்கு வயதைப் போட்டே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கிக்குக் குறைந்தபட்ச வயது 3 ஆண்டு. அங்கே கேரமல் நிறம் சேர்க்க அனுமதி உண்டு. அதனால் நிறத்தைப் பார்த்து வயதைக் கணக்குப் போடாதீர்கள்.

என்ன கிளாஸ்? எவ்வளவு ஊற்ற வேண்டும்?

அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ். கிளென்கேர்ன் என்ற ஸ்காட்லாந்து கிளாஸ் இதற்கென்றே வந்தது. அது இல்லாவிட்டால் சின்ன வைன் கிளாஸ் போதும். 15 முதல் 20 மில்லி. ஊற்றிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். சமையலறையில் தாளிப்பு வாசம் இருக்கும்போது ருசிக்க உட்காராதீர்கள். கையில் சோப்பு வாசமோ தலையில் மல்லிகைப்பூவோ இருந்தாலும் அன்றைய குறிப்பில் அது வந்துவிடும்.

முகரும்போது மூக்கு எரிகிறது. என்ன தவறு செய்கிறேன்?

பூவை முகர்வதுபோல ஆழமாக இழுக்கிறீர்கள். 50 சதவீத ஆல்கஹாலை அப்படி இழுத்தால் மூக்கு மரத்துப்போகும், அடுத்த கால் மணி நேரத்துக்கு எதுவும் பிடிபடாது. கிளாஸைத் தாடைக்குக் கீழே பிடித்து, மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். வாயை லேசாகத் திறந்துவையுங்கள். வாசம் வரத் தொடங்கும் இடத்தில் கையை நிறுத்துங்கள். குட்டி குட்டி மூச்சு. அப்புறம் கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டு உங்கள் புறங்கையை முகருங்கள். மூக்கு பழைய நிலைக்கு வர அதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

ரை மால்ட்டில் முதல் மணம் பல நேரம் ஏமாற்றும். வெண்ணிலாவும் தேனும் முந்திக்கொள்ளும். அது பீப்பாயின் மரம் பேசுவது. அதைத் தாண்டி, இரண்டாவது மூன்றாவது முறை கிளாஸைக் கொண்டுவரும்போதுதான் தானியம் வரும். ஓல்ட் பொட்ரேரோ 18-ஆம் நூற்றாண்டு பாணியில் எனக்கு இந்த வரிசையில் வந்தது: தேன், ஈரமான வைக்கோல், பச்சை இஞ்சி, பிறகு நன்றாக முளைவிட்ட தானியத்தை மூடிவைத்த ஈரத்துணியை அவிழ்க்கும்போது வரும் அந்த வாசம். கடைசியாகச் சொன்னது வந்ததும் நான் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டுவிடுவேன்.

வாயில் எடுத்ததும் என்ன கவனிக்க வேண்டும்?

முதல் துளியை எடைபோடாதீர்கள். அது நாக்கைப் பழக்க மட்டும். இரண்டாவதில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக எடுத்து, பத்து வினாடி வாயில் உருட்டுங்கள். முதலில் கனம்: தண்ணீராக ஓடுகிறதா, எண்ணெய்போல நாக்கை மூடுகிறதா? நல்ல முளைகட்டிய ரை கிட்டத்தட்ட எப்போதும் கொழகொழவென்று, நல்லெண்ணெய் தடவியதுபோல் இருக்கும். அடுத்து இனிப்பு எங்கே தொடங்குகிறது, காரம் எப்போது நுழைகிறது என்ற வரிசை. விழுங்கிய பிறகு வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். பாதி மணம் அப்போதுதான் வரும்.

விழுங்கிய பின் நிற்கும் சுவையை நான் கடிகாரம் பார்த்து எண்ணுவதுண்டு. எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைவிட எது நிற்கிறது என்பது முக்கியம். ரொட்டியும் கிராம்பும் நின்றால் மகிழ்ச்சி. வெறும் துவர்ப்பு மட்டும் ஈறில் ஒட்டிக்கொண்டு நின்றால், பீப்பாய் தானியத்தை விழுங்கிவிட்டது என்று பொருள்.

தண்ணீர் சேர்த்தால் விஸ்கி கெட்டுவிடாதா?

கெடாது. எடைபோடுகிறவர் கட்டாயம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. தொழில்முறைக் கலவை வல்லுநர்கள் ஆல்கஹாலை 20 சதவீதம் அளவுக்கு இறக்கித்தான் முகர்கிறார்கள். அந்த நிலையில் குறைகள் ஒளிந்துகொள்ள இடமில்லை.

கணக்கு எளிது. 51.2 சதவீத விஸ்கி 20 மில்லியில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி தண்ணீர் சேர்த்தால் சுமார் 41 சதவீதம். இரண்டாவது கரண்டியில் 34. மூன்றாவதில் 29. ஒவ்வொரு கரண்டிக்கும் பிறகு இரண்டு நிமிடம் காத்திருந்து முகருங்கள். ரை மால்ட் பெரும்பாலும் முதல் கரண்டியில் விரியும்: கொக்கோவும் பழமும் அப்போதுதான் மேலே வரும். இதற்கு அறிவியலும் உண்டு. 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் கணினியில் குவயக்கால் என்ற மணப்பொருளை வைத்துப் பார்த்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும்போது அது திரவத்தின் மேற்பரப்பில் நிற்கிறது. 59 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே இழுக்கப்படுகிறது. மேற்பரப்பில் இருந்தால்தானே மூக்குக்கு எட்டும்.

தண்ணீர் சாதாரணக் குடிநீர் போதும், குளோரின் வாடை இல்லாமல் இருக்க வேண்டும். ஐஸ் வேண்டாம். குளிர் மணத்தை அடக்கிவிடும். மதிப்பீடு முடிந்த பிறகு எப்படி வேண்டுமானாலும் குடியுங்கள்.

காரமாக இருக்கிறது. அது ரையின் காரமா, ஆல்கஹாலின் எரிச்சலா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆல்கஹாலின் எரிச்சல் உடனே வரும், நாக்கின் நுனியிலும் தொண்டையிலும் கமறும், தண்ணீர் சேர்த்தால் அடங்கும். ரையின் காரம் தாமதமாக வரும், நாக்கின் இரு ஓரங்களிலும் பரவும், தண்ணீர் சேர்த்த பிறகும் சுவையாக மிஞ்சும். பச்சை மிளகாய் ரசத்துக்கும் மிளகு ரசத்துக்கும் உள்ள வேறுபாடு போல என்று எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார். அதற்குப் பிறகு யாருக்கும் நான் வேறு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு கரண்டி தண்ணீருக்குப் பிறகு காரம் காணாமல் போய், கூடவே சுவையும் காணாமல் போனால், அந்தப் புட்டியில் இருந்தது பெரும்பாலும் எரிச்சல்தான்.

குறைகளை எப்படி அடையாளம் காண்பது?

சிறு வடிசாலைகளின் மீது எனக்குப் பெரிய அன்பு உண்டு. அதனாலேயே குறையைக் குறை என்று சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். 'கைவினை' என்ற சொல் மோசமான வடிப்புக்குப் போர்வையாகக் கூடாது.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி வந்தால், முதல் வடியைப் போதுமான அளவு ஒதுக்கவில்லை. கொஞ்சமாக இருந்தால் பழவாசமாகத் தோன்றும். கிளாஸில் பத்து நிமிடம் வைத்தும் போகாவிட்டால் குறைதான். ஈர அட்டைப்பெட்டி, உலராத துணி, பழைய பாலாடைக்கட்டி இவை வந்தால் எதிர்த் திசை: கடைசி வடியை அதிக நேரம் ஓடவிட்டிருக்கிறார்கள். வேகவைத்த முட்டைக்கோஸ் அல்லது எரிந்த தீக்குச்சி வாசம் கந்தகத்தினுடையது. வடிக்கும்போது ஆவி செம்போடு போதுமான நேரம் உறவாடவில்லை. செம்பு கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் இன்றும் செம்புப் பானையை விட மாட்டேன் என்கிறார்கள்.

ரைக்கே உரிய குறை ஒன்று உண்டு: அடிப்பிடித்தல். தானியத்தோடு சேர்த்துக் காய்ச்சும்போது அந்தப் பிசின் ஊறல் பானையின் அடியில் ஒட்டிக் கருகும். ஒருமுறை சிறு வடிசாலை ஒன்றின் ரை மால்ட்டை நல்ல விலை கொடுத்து வாங்கிவந்தேன். திறந்ததும் புகை மணம். மால்ட்டைப் புகையில் உலர்த்தியிருப்பார்கள் போல என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாவது கரண்டித் தண்ணீர் சேர்த்ததும் அது தெளிவாக அடிப்பிடித்த பால்பொங்கல் வாசம். மூன்று வாரம் கழித்து, பெயர் தெரியாமல் வேறு நான்கு கிளாஸ்களுக்கு நடுவில் வைத்து மனைவியை ஊற்றித் தரச் சொன்னேன். மறுபடியும் அதே கிளாஸ்தான் தனியாக நின்றது. புகை வேறு, கருகல் வேறு. புகை இனிப்போடு சேரும். கருகல் நாக்கின் அடியில் கசப்பாக, காறலாகத் தங்கும்.

வயது குறைவாக இருப்பது குறையா?

ஸ்காட்சில் 12, 18 என்ற எண்களுக்குப் பழகியவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். முளைகட்டிய ரைக்குத் தன் மணமே அதிகம். புது ஓக் பீப்பாயில் வெகுகாலம் வைத்தால் மரம் அதை மூடிவிடும். 3 முதல் 6 ஆண்டில் மிக அருமையாக இருந்தவற்றை நான் ருசித்திருக்கிறேன்.

நான் சந்தேகத்தோடு பார்ப்பது சின்னப் பீப்பாயை. அமெரிக்காவில் வழக்கமான பீப்பாய் 53 கேலன், கிட்டத்தட்ட 200 லிட்டர். சிலர் சீக்கிரம் விற்பதற்காக 20, 40 லிட்டர் பீப்பாயில் ஊறவைப்பார்கள். நிறமும் துவர்ப்பும் சட்டென்று ஏறிவிடும். ஆனால் காற்றோடு மெதுவாகக் கலந்து முதிர்வதற்கு ஆண்டுகள்தான் வேண்டும், அதை அவசரப்படுத்த முடியாது. பென்சில் சீவிய வாசமும் பச்சைமாவு வாசமும் ஒரே கிளாஸில் வந்தால் அதுதான் கதை: மரம் அதிகம், காலம் குறைவு.

மதிப்பெண் போடலாமா?

போடலாம், என்ன அளவுகோல் என்று சொல்லிவிட்டுப் போட்டால். 100-க்கு 87 என்பதற்கும் 88 என்பதற்கும் இடையில் என் நாக்கால் வித்தியாசம் சொல்ல முடியாது. அதனால் 20-க்குப் போடுகிறேன். தானியம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதற்கு 8. வடிப்பின் சுத்தத்துக்கு 5. மரம் துணைநிற்கிறதா என்பதற்கு 4. விழுங்கிய பின் நிற்கும் சுவைக்கு 3. பொதுவான விஸ்கிக்கு இந்தப் பங்கீடு பொருந்தாது. முளைகட்டிய ரைக்காகச் செய்துகொண்டது. ஒருவர் இவ்வளவு சிரமப்பட்டு இந்தத் தானியத்தை முளைகட்டி, கோந்து ஊறலோடு மல்லுக்கட்டி வடித்திருக்கிறார் என்றால், அந்தத் தானியம் தெரியாத விஸ்கிக்கு மீதி எல்லாம் நன்றாக இருந்தாலும் என்னால் உயர்ந்த எண் தர முடிவதில்லை.

விலையை மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள், தனியாக எழுதுங்கள். முடிந்தவரை பெயர் தெரியாமல் ருசியுங்கள்.

ருசிக் குறிப்பு எழுத ஆங்கிலச் சொற்கள்தான் வேண்டுமா? எனக்கு பட்டர்ஸ்காட்ச், மேப்பிள் எதுவும் தெரிவதில்லை.

தெரியாததை எழுதாதீர்கள். மணம் என்பது ஞாபகம். உங்கள் ஞாபகத்தில் இருப்பது கருப்பட்டி என்றால் கருப்பட்டி என்று எழுதுங்கள். எங்கள் கூட்டத்தில் வந்த சொற்களில் சில: சுக்குக் கருப்பட்டிக் காபி, ஓமம், புளித்த தோசைமாவின் மேல்நுரை, மழைக்கு முன் களத்தில் குவித்த வைக்கோல், பொரிவிளங்காய் உருண்டை. பொரிவிளங்காய் என்று சொன்னவர் முதலில் தயங்கினார். கியூரோவை மறுபடி முகர்ந்து பார்த்தோம். வறுத்த பயறு, வெல்லம், சுக்கு மூன்றும் அதே அளவில் அங்கே இருந்தன. வேறெந்த மொழியின் ருசிக் குறிப்பும் அதை அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

எதோடு ஒப்பிட்டு ருசிப்பது நல்லது?

மூன்று கிளாஸ் போதும். முளைகட்டாத ரையில் வடித்த 95 சதவீத ரை ஒன்று, முளைகட்டிய ரை ஒன்று, பார்லி சிங்கிள் மால்ட் ஒன்று. ஆல்கஹால் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்படி தண்ணீர் சேர்த்துச் சமப்படுத்துங்கள். நடுவிலிருப்பது இரண்டு பக்கமும் எதை வாங்கி வந்திருக்கிறது என்று அப்போது புரியும். கிளாஸ்களுக்கு இடையில் உப்பில்லாத நெல்பொரி நாலு, ஒரு வாய் தண்ணீர். காரா பூந்தி, முறுக்கு எல்லாம் கடைசியில்.

குடித்துத்தான் ருசிக்க வேண்டுமா?

வேண்டாம். துப்புவதற்கு ஒரு கிண்ணம் எங்கள் மேசையில் எப்போதும் இருக்கும். அதைப் பயன்படுத்துவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஐந்தாறு விஸ்கிகளை ஒழுங்காக எடைபோட வேண்டும் என்றால் துப்பித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாலாவது கிளாஸில் எல்லாமே நன்றாக இருக்கும். வண்டி ஓட்டி வந்தவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முகர்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். கர்ப்பிணிகள் வாயில் வைக்க வேண்டாம். முகர்ந்தே முக்கால்வாசி சொல்லிவிடும் நண்பர் ஒருவர் எங்களுக்கு உண்டு. குடியை விட்டு ஆறு ஆண்டு ஆகிறது அவருக்கு. அவர் மூக்கை நம்பி நாங்கள் புட்டி வாங்குகிறோம்.

திறந்த புட்டி எவ்வளவு நாள் தாங்கும்?

நிமிர்த்தி, வெயில் படாமல், மூடி இறுக்கமாக வைத்தால் பாதிவரை நிறைந்த புட்டி ஓராண்டுக்குப் பெரிதாக மாறாது. கால்பங்குக்குக் கீழே போனதும் உள்ளே காற்று அதிகமாகிவிடும், மேல்மணம் மெல்ல மங்கும். அப்போது சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி மாற்றிவையுங்கள். திறந்த அன்று, ஒரு மாதம் கழித்து, புட்டி முடியும் தறுவாயில் என்று மூன்று முறை குறிப்பு எழுதுங்கள். என் ஓல்ட் பொட்ரேரோவில் முதல் நாள் இருந்த பச்சை இஞ்சி, நாலாவது மாதம் சுக்காக மாறியிருந்தது.